மினேர்வ்: இரண்டு ஆறுகளுக்கு மேலே ஓர் அடைக்கலக் கிராமம்



கோடை விடுமுறை என்றால் பிரான்சில் வாழும் எங்கள் குடும்பங்கள் போகும் இடங்கள் அனேகமாகத் தெரிந்தவைதான். லூர்து மாதாவிடம் ஒரு பயணம். சைவக்காரரும் போவார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் டிஸ்னிலாண்ட். பிறகு இலண்டனிலோ சுவிசிலோ சொந்தக்காரர் வீடு. ஆவணியில் லா சப்பல் பிள்ளையார் தேருக்கு எல்லோரும் பாரிசுக்குத் திரும்பிவிட வேண்டும். தெற்குப் பக்கம் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஒரு கிராமத்தைப் பற்றி இம்மாதம் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் மினேர்வ். எரோ மாவட்டத்தில், நார்போன் நகரத்துக்கு வடமேற்கே, முந்திரிகைத் தோட்டங்களைத் தாண்டி மேலே ஏறினால் வரும். இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் நூற்றைம்பது பேர்கூட இல்லை.

நானும் மனைவியும் மகளும் எனது அக்காவும் போன வருடம் ஆடி மாதத்தில் போனோம். பாரிசில் இருந்து நார்போன் வரைக்கும் ரயில், பிறகு வாடகைக் கார். வெளியாட்களின் கார்களை ஊருக்குள் விடுவதில்லை. மேலே தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டுப் பாலத்தால் நடந்துதான் உள்ளே போகவேண்டும். அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால்தான் இடத்தின் அமைப்பு விளங்கும். செஸ் என்று ஓர் ஆறு, பிரியான் என்று ஓர் ஆறு. இரண்டும் சுண்ணாம்புக் கற்பாறையை அரிந்து அரிந்து செங்குத்தான பள்ளத்தாக்குகளை உண்டாக்கி, கிராமத்தின் காலடியில் ஒன்றுசேர்கின்றன. நடுவில் நாக்குப் போல ஒரு பாறை. அதன் மேல் வீடுகள். மூன்று பக்கமும் பள்ளம். நாலாவது பக்கத்தில் மட்டும் ஒடுங்கிய ஒரு தரைக்கழுத்து, அந்தக் கழுத்தில் கோட்டை. பகைவன் வரக்கூடிய ஒரே வழியை அடைத்துவிட்டால் போதும், மிச்சத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு.

கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது கந்தேலா என்று ஊரவர்கள் சொல்லும் ஒற்றைத் துண்டுச் சுவர்தான். மெழுகுதிரி போல நெடுப்பமாக நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. பெய்கிற மழை எல்லாம் உள்ளே இறங்கிவிடும். மேலே ஆறு இல்லை, கீழே கிணறு. மினேர்விலும் அப்படித்தான். செஸ் ஆறு மழைக்காலத்தில் சீறிப் பாயும். கோடையில் தண்ணீர் பாறைக்கு அடியால் போய்விட, ஆற்றுப் படுக்கை வெள்ளைக் கூழாங்கல்லாகக் கிடக்கும். அந்தக் காய்ந்த படுக்கையால் நடந்து போகலாம். கிராமத்துக்குப் பக்கத்தில் ஆறு பாறையைக் குடைந்து இரண்டு இயற்கைப் பாலங்களை உண்டாக்கியிருக்கிறது. பெரியது இருநூறு மீற்றருக்கு மேல் நீளமான ஒரு சுரங்கம். வெயிலில் இருந்து அதற்குள் நுழைந்தால் உடம்பு சில்லென்று குளிரும். பிள்ளைகளுக்கு அது நல்ல பிடிக்கும்.

பாலத்தில் நின்று பள்ளத்தைப் பார்த்த அக்கா கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இவ்வளவு உயரத்தில இருந்த சனம் தண்ணிக்கு என்ன செய்தது?" என்பதுதான். எங்களில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. அக்கா 2009 வைகாசி வரைக்கும் முள்ளிவாய்க்காலில் இருந்தவ. மினேர்வின் கதை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கதை இதுதான். 12ஆம் நூற்றாண்டில் இன்றைய தென் பிரான்சில், கத்தோலிக்கத் திருச்சபையை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவு பரவியிருந்தது. இன்று அவர்களைக் கத்தார்கள் என்று எழுதுகிறார்கள். வளைகுடாவில் எங்கள் ஆட்கள் வேலைக்குப் போகும் கட்டார் நாட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்களை நம்பிய சனம் அவர்களை நல்ல மனிதர், நல்ல பெண்கள் என்றுதான் அழைத்தது. இந்த உலகம் தீய சக்தியின் படைப்பு, ஆன்மா மட்டுமே கடவுளுடையது என்பது அவர்கள் கொள்கை. சத்தியம் செய்யமாட்டார்கள், உயிர்க்கொலை செய்யமாட்டார்கள். இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் தொடமாட்டார்கள். மீன் மட்டும் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் அது மச்சம்தான், ஆனால் அவர்கள் கணக்கு வேறு. பெண்களும் துறவு ஏற்று மற்றவர்களுக்கு வழிகாட்டலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விடயம்.

1208 தை மாதத்தில் பாப்பரசரின் தூதர் ஒருவர் கொலைசெய்யப்பட்டார். பாப்பரசர் மூன்றாம் இனோசன்ட் இவர்களுக்கு எதிராகச் சிலுவைப் போரை அறிவித்தார். நாற்பது நாள் படையில் நின்றால் பாவமன்னிப்பு. வடக்கில் இருந்து பிரபுக்கள் படையோடு இறங்கினார்கள். 1209 ஜூலை 22 அன்று பெசியே நகரம் விழுந்தது.

அங்கே ஒரு பட்டியல் இருந்தது. பெசியே ஆயர், நகரத்தில் இருந்த பிறமதக்காரர் என்று 222 பேரின் பெயர்களை எழுதிவைத்திருந்தார். இவர்களை ஒப்படையுங்கள், அல்லது இவர்களை விட்டுவிட்டு நீங்கள் வெளியே வாருங்கள் என்று நகரத்துக் கத்தோலிக்கரிடம் கேட்டார்கள். நகரம் இரண்டையும் செய்யவில்லை. அயல் வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. அதன் பிறகு நடந்ததில் கத்தோலிக்கர், பிறமதக்காரர், கைக்குழந்தை என்று பார்க்கப்படவில்லை. அந்தப் பட்டியல் இன்றைக்கும் இருக்கிறது. சாக்கு மூடிய தலையாட்டிகளுக்கு முன்னால் வரிசையில் நின்ற எங்கள் தலைமுறைக்குப் பட்டியல் என்றால் என்னவென்று தெரியும். பெசியேக்காரர் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை.

பெசியேயில் இருந்து தப்பியவர்களும் சுற்றுவட்டாரத்து நல்ல மனிதரும் மலைப்பக்கம் ஓடினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மினேர்வ் பிரபு கியேம் இடம் கொடுத்தார். எங்கள் சட்ட மொழியில் சொன்னால், அகதி அந்தஸ்துக் கேட்காமலே கொடுத்தார்.

1210 கோடையில் படைத்தலைவர் சிமோன் து மொன்போர் மினேர்வைச் சுற்றிவளைத்தார். அவர் தனியே வரவில்லை. நார்போன்காரரும் கூட வந்தார்கள். சொல்லப்போனால் அவர்கள்தான் மினேர்வைப் பிடிக்கும்படி அவரைக் கேட்டார்கள் என்று அந்தக் காலத்துக் குறிப்பு சொல்கிறது. நார்போனுக்கும் மினேர்வுக்கும் பழைய கோபம் இருந்தது. சமயத்தின் பெயரால் வந்த படைக்குள் அயலூர்ச் சண்டையும் ஏறிக்கொண்டது.

பள்ளத்தாக்கின் அக்கரைகளில் கல்லெறி பொறிகளை நிறுத்தினார்கள். அவற்றில் மிகப் பெரியதற்கு வீரர்கள் வைத்த பெயர் மல்வுவாசின், அதாவது கெட்ட அயலவள். அதன் குறி கிணறு என்று சொல்வார்கள். ஆறு காய்ந்துவிட்ட மாதத்தில் கிராமத்துக்கு மிஞ்சியிருந்தது பாறையின் அடியில் இருந்த ஒரு கிணறுதான். புனித ருஸ்திக் கிணறு என்று பெயர். மேலே இருந்து மூடிய பாதை ஒன்றால் இறங்கித் தண்ணீர் எடுப்பார்கள். கெட்ட அயலவள் அந்தப் பாதையையும் கிணற்றையும் அடித்து நொறுக்கினாள்.

கணக்காளன் என்பதால் எனக்குச் சில விடயங்கள் உடனே கண்ணில் படும். இந்தப் போரை எழுதிவைத்தவர் பியேர் தெ வோ து செர்னே என்ற துறவி. வென்ற பக்கத்து ஆள். மொன்போரின் பெரிய விசுவாசி. அந்தப் பெரிய பொறியை இயக்கியவர்களுக்கு ஒரு நாளைக்கு 21 லீவ்ர் செலவானது என்று அவர் எழுதியிருக்கிறார். முற்றுகை ஏறக்குறைய ஏழு வாரம். பொறி நாற்பது நாள் மட்டும் வேலைசெய்தது என்று வைத்தாலும் 840 லீவ்ர். ஒரு கிணற்றை உடைக்க! எண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தச் செலவுச் சிட்டை தொலையவில்லை.

ஒரு ஞாயிறு இரவு கிராமத்தவர்கள் சிலர் இருட்டில் பள்ளத்தைத் தாண்டி வந்து, கூடைகளில் சணலும் காய்ந்த விறகும் கொழுப்பும் கொண்டுவந்து, அந்தப் பொறியில் கொழுவித் தீவைத்தார்கள். தீ பிடித்தும் விட்டது. அந்த நேரம் பார்த்துப் பொறிக்காரர்களில் ஒருவன் சலங்கழிக்க எழும்பி வெளியே வந்தான். தீயைக் கண்டு கத்தினான். அவனை ஈட்டியால் குத்தினார்கள், ஆனாலும் சத்தம் கேட்டுப் படை ஓடிவந்து தீயை அணைத்துவிட்டது. பொறி ஓரிரு எறி மட்டும்தான் தவறியது என்று துறவி எழுதுகிறார். ஒருவன் அரை மணி நேரம் கூட நித்திரை கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனது மகள் கேட்டாள். யார் சொல்வது?

தண்ணீரும் சாப்பாடும் முடிந்தபோது கியேம் சமாதானம் பேச வெளியே வந்தார். அந்த நேரத்தில் பாப்பரசரின் பிரதிநிதி ஆர்னோ அமோரியும் அங்கே வந்துசேர்ந்தார். முடிவு உங்களுடையது என்று மொன்போர் அவரிடம் தள்ளிவிட்டார். துறவி எழுதுவதைப் பார்த்தால், இவர்கள் சாகவேண்டும் என்பது பிரதிநிதியின் விருப்பம். ஆனால் மதகுருவாக இருந்துகொண்டு தன் வாயால் சாவைச் சொல்ல மனமில்லை. ஆகவே இரண்டு பேரும் தங்கள் நிபந்தனைகளை எழுத்தில் தாருங்கள் என்றார். எழுத்தில் வந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, பேச்சு முறியும் என்பது அவர் கணக்கு. எழுத்தில் தாருங்கள் என்று ஒரு கந்தோர் கேட்டால், அதற்குள் ஒரு காரணம் இருக்கும் என்பதை எங்களில் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். கியேம் அந்தப் பொறியில் விழவில்லை. மொன்போர் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்று பணிந்துவிட்டார். கடைசியில் பிரதிநிதி சொன்ன தீர்ப்பு: திருச்சபைக்குத் திரும்பும் எல்லோருக்கும் உயிர், நல்ல மனிதர், நல்ல பெண்களுக்கும் கூட, அவர்கள் தங்கள் நம்பிக்கையைக் கைவிட்டால். இது அதிக இரக்கம் என்று ஒரு பிரபு முறையிட்டார். கவலைப்படாதே, மனம் மாறுகிறவர்கள் மிகச் சிலர்தான் இருப்பார்கள் என்று பிரதிநிதி அவரைத் தேற்றினாராம்.

அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. படை சிலுவையை முன்னே பிடித்துப் பாடிக்கொண்டு உள்ளே போனது. ஒரு மடாதிபதி, துறவியின் நெருங்கிய உறவினர், ஆண்கள் கூடியிருந்த வீட்டுக்குப் போய்ப் போதித்தார். அவர்கள் இடையில் நிறுத்தி, ஏன் வீணாகப் பேசுகிறீர்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பெண்கள் இருந்த வீட்டுக்குப் போனார். அங்கே அதைவிட உறுதி. விறகு அடுக்கப்பட்டது. நூற்று நாற்பது பேர் அல்லது அதற்கு மேல், எரிக்கப்பட்டார்கள். 1210 ஜூலை. யாரையும் தூக்கிப் போடவேண்டி இருக்கவில்லை, அவர்களாகவே தீக்குள் போனார்கள் என்று துறவி எழுதுகிறார். விறகு அடுக்கிய பக்கத்தார் எழுதியது என்பதை மறக்காமல் அந்த வரியை வாசிக்கவேண்டும்.

மூன்று பெண்கள் மட்டும் தப்பினார்கள். ஒரு பிரபுவின் தாயார் அவர்களைத் தீக்குப் பக்கத்தில் இருந்து இழுத்தெடுத்து, திருச்சபையை ஏற்கச் செய்தார். அந்த மூவரையும் பலவீனமானவர்கள் போலச் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாசித்துப் பார்க்காமலே எத்தனையோ கடதாசியில் கையெழுத்து வைத்து உயிரோடு வந்தவர்கள் நாங்கள். அந்த மூன்று பேரும் பிழைத்தது எனக்குச் சந்தோசம்.

இப்போது எனது தொழில் மூளையை உறுத்துவது இதுதான். பொறிக்கு நாளொன்றுக்கு 21 லீவ்ர் என்று எழுதிய அதே துறவி, எரிந்த அந்த நூற்று நாற்பது பேரில் ஒருவரின் பெயரையும் எழுதவில்லை. முற்றுகையில் நின்ற பிரபுக்களின் பெயர் இருக்கிறது. பொறிக்குக்கூடப் பெயர் இருக்கிறது. பெசியேயில் 222 பெயர் எழுதியிருந்தார்கள் என்றால் அது ஒப்படைப்பதற்காக. மினேர்வில் ஒரு கூட்டுத்தொகை மட்டும், அதுவும் "அல்லது அதற்கு மேல்" என்று முடிகிற கூட்டுத்தொகை. எந்தக் கணக்காய்வாளரும் அதை ஏற்றுக்கொள்ளமாட்டார்.

கிராமத்துத் தேவாலயத்தில் இன்னும் ஒரு விசித்திரம். புனித எத்தியேன் பெயரில் உள்ள சின்னக் கற்கோவில். பூட்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று திறந்திருந்தது எங்கள் நல்ல காலம். உள்ளே 456ஆம் ஆண்டு என்று பொறித்த ஒரு வெள்ளைப் பளிங்குப் பலிபீடம் இருக்கிறது. நார்போன் ஆயர் ருஸ்திக் செய்வித்தது. அதன் மேற்பரப்பு முழுக்கக் கீறல்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவை பெயர்கள். 5ஆம் நூற்றாண்டில் இருந்து பல நூறு வருடங்களாக வந்துபோன குருமாரும் யாத்திரிகரும் கூரான எதனாலோ கிறுக்கிய பெயர்கள். எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்துக் கல்லில் உபயகாரர் பெயர் வெட்டுவது போல ஒழுங்காக இல்லை, பள்ளிக்கூட மேசையில் பெடியள் கீறுவது போல. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தின ஆளின் பெயர் அங்கே இருக்கிறது.

கோவிலுக்கு வெளியே, ஒரு சின்ன வெளியில், ஓர் ஆள் உயரத்துக் கல் நிற்கிறது. 1982இல் சிற்பி ழான் லுக் செவெராக் செய்தது. கல்லைத் துளைத்து ஒரு புறாவின் உருவத்தை வெட்டியிருக்கிறார். செதுக்கிய புறா இல்லை. புறா இருக்கவேண்டிய இடம் ஓட்டையாக இருக்கிறது, அதனால் வானம் தெரிகிறது. கத்தார்களுக்கு என்று அந்த மண்ணின் பழைய மொழியான ஒக்சித்தானில் எழுதியிருக்கிறது, 1210 என்ற ஆண்டும். அவ்வளவுதான். 772 வருடம் கழித்து வைத்த கல். ஊரின் ஒரு தெருவுக்கு மறைசாட்சிகள் தெரு என்று பெயர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவில் இடித்ததும், மாணவர்கள் விடாமல் நின்றதால் அதே வருடம் சித்திரையில் திரும்ப எழுந்ததும் நேயர்களுக்குத் தெரியும். மினேர்வில் அந்தக் கல்லை இப்போது யாரும் இடிக்கப்போவதில்லை. தீமூட்டியவர்களின் சமயத்தைச் சேர்ந்த ஒரு கோவிலின் வாசலிலேயே அது நிற்கிறது. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

அக்கா அந்தக் கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றா. மகள் துறவியின் கணக்கைச் சொன்னபோது, "பேர் இல்லையோ, ஒருத்தற்ற பேரும் இல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டா. பிறகு, "எங்கட கணக்கும் அப்பிடித்தானே கிடக்கு" என்றா.

அது உண்மைதான். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசப் ஆண்டகை 2011இல் ஆணைக்குழுவுக்கு முன்னால் வைத்த கணக்கை நினைத்துப் பாருங்கள். 2008 ஐப்பசியில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380. கழித்தால் 146,679. முதல் எண் அரசாங்கக் கச்சேரிகளின் எண், இரண்டாவது ஐ.நா. அலுவலகத்தின் எண் என்பதால் அந்தக் கழித்தலை யாராலும் இலேசில் தட்டிவிட முடியவில்லை. ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு அதே வருடம் நாற்பதாயிரம் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012இல் வந்த ஐ.நா.வின் உள்ளக அறிக்கை எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்றது. ஒரு பேரேட்டில் மூன்று கூட்டுத்தொகை. எந்தத் தொகைக்குக் கீழேயும் முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை. ஆண்டகையும் 2021 சித்திரை 1 அன்று காலமாகிவிட்டார்.

அக்காவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. பிரான்சுக்கு வந்த முதல் வருடம் எழுதத் தொடங்கினது. தங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள், கூட இடம்பெயர்ந்தவர்கள், பக்கத்துப் பங்கரில் இருந்தவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம். மொத்தம் அறுபத்து மூன்று பேர். சில இடங்களில் பெயர் தெரியாமல் "மாத்தளன் ரீச்சரின் மகன்" என்று எழுதியிருக்கிறா. இதை எங்கேயும் கொடுக்கவும் மாட்டா. கொடுத்தால் அங்கே இருக்கிற ஆட்களுக்குக் கரைச்சல் வரும் என்ற பயம். பெசியேப் பட்டியலைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பயத்துக்கு எனக்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. எழுதின பெயர் காப்பாற்றவும் உதவும், பிடிக்கவும் உதவும். அன்று பின்னேரம் விடுதியில் வைத்து ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தா: மகள் அந்தக் கொப்பியை இன்னொரு கொப்பியில் பார்த்து எழுதுவது, இரண்டும் இரண்டு வீட்டில் இருப்பது. இப்போது மகளின் கையெழுத்தில் நாற்பதாவது பெயர் வரைக்கும் வந்திருக்கிறது. தமிழில் எழுதவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. மகளுக்கு ற, ர இரண்டும் இன்னும் தகராறுதான், மாமி பக்கத்தில் இருந்து திருத்துகிறா. எங்கள் நேயர்கள் வீடுகளிலும் இப்படிக் கொப்பிகள் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். கணக்குப் புத்தகத்துக்கு நாங்கள் அதைத்தான் செய்வோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். ஆடி, ஆவணியில் மத்தியான வெயில் கடுமை. காலையில் போவது நல்லது. புனித ருஸ்திக் கிணற்றடிக்கு இறங்கும் பாதை கல்லும் சரிவுமானது, செருப்போடு போகவேண்டாம், சப்பாத்துப் போடுங்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் மேலே நின்றே பார்க்கலாம். ஆற்றுப் படுக்கையால் நடப்பதென்றால் முதல் நாள் மழை பெய்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் இறங்கவே வேண்டாம், அந்த ஆறு திடீரென்று வரும். மழைக்காலத்தில் இயற்கைப் பாலங்களைக் கடக்க முடியாது. ஊருக்குள் சின்ன உணவகங்கள் உண்டு, ஆனால் கூட்டம். சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போனால் நிம்மதி. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீராவது கொண்டுபோங்கள்.